அனிகட் என்றொரு துரை

மன்னார்ப் பக்கம் போகும் பாதை திறந்தபோது எனக்குப் பத்து வயது. நான் பிறந்து வளர்ந்தது மதுரங்குளிக்குப் பக்கத்தில். சண்டைக் காலத்தில் வாப்பாவும் உம்மாவும் வெளியேற்றப்பட்ட ஊரை அதுவரை கதையில்தான் கண்டிருந்தேன். அணைக்கட்டுக்குக் கிழக்கே வயல், வயலைத் தாண்டினால் வீடு என்று வாப்பா சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டே போய்விடலாம் போல இருக்கும்.

போய் இறங்கினால் எங்கும் காடு. வாப்பா ஒரு பக்கம் கொஞ்ச தூரம் போவார், நின்று பார்ப்பார், திரும்பி வருவார். உம்மா வேனடியிலேயே நின்றுவிட்டார். பற்றைக்குள் என் காலில் ஏதோ தட்டியது. பாசி பிடித்த கல். அதில் வெள்ளைக்காரர் காலத்து ஆங்கில எழுத்துகள். படித்த ஆங்கிலத்தைக் காட்டும் ஆசையில் மண்ணைச் சுரண்டிவிட்டு உரக்க வாசித்தேன்: “அனிகட்.” யாரோ ஒரு துரையின் பெயர், இது அவரை அடக்கிய கபுறு என்று முடிவுகட்டினேன்.

“இன்னொருக்காச் சொல்லு மகள்,” என்றார் வாப்பா.

சொன்னேன். அவரும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். மெல்ல மெல்ல அது அவர் வாயில் அணைக்கட்டு ஆனது. காலடியில் உடைந்து கிடந்த கருங்கற்களைப் பார்த்தார். பிறகு கிழக்கே திரும்பி, எங்களைக் கூப்பிடாமலே நடந்தார். தூர்ந்துபோன ஒரு கிணற்றின் கட்டில் கைவைத்தபடி நின்றவரை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

திரும்பி வந்து பள்ளிக்குப் போனதும் நான் ஆங்கில டீச்சரைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கும் அந்தச் சொல் புதிது. பெரிய அகராதியைப் புரட்டினார். ஆற்றை மறிக்கும் கட்டு, தமிழிலிருந்து வந்த சொல் என்று போட்டிருந்தது. பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடினேன்.

“வாப்பா, அது எங்கட சொல்லு. அவங்கதான் எடுத்திருக்காங்க.”

அவர் மகிழ்ந்துபோவார் என்று நினைத்திருந்தேன்.

“அந்தப் புத்தகத்தில எங்கட ஊர்ட பேர் இருக்கா மகள்?”

“இல்ல வாப்பா.”

“ஓம், இருக்காதுதான்,” என்றவர் அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்க எழுந்து போனார்.

அந்தக் கிழமைதான் காணிக் கந்தோரில், உறுதிப் பத்திரம் இல்லாதவர் அந்த ஊரில் வாழ்ந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டு அதிகாரிகள் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பல வருடம் கழித்து, வாப்பாவை மதுரங்குளியில் அடக்கிய பிறகுதான் உம்மா அதைச் சொன்னார். அன்று எனக்கு எதுவும் தெரியாது. மறுநாள் இடைவேளையில் டீச்சரிடம் அகராதியைக் கேட்டு வாங்கி, எங்கள் ஊர்ப் பெயர் எங்காவது இருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.