முன்பாதியும் பின்பாதியும்

பேத்தி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து எட்டு நாளாகியும் அளவுக்காரர் அவளை ஒரு விரலால்கூடத் தொடவில்லை. ஆனால் அவள் எத்தனை நீளம் என்று மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். நாற்பத்தாறரை சென்டிமீட்டர். ஆஸ்பத்திரிச் சீட்டில் நாற்பத்தாறு என்றுதான் எழுதியிருந்தார்கள். "அரை சென்டியை விட்டுட்டாங்க. புள்ள காலை மடக்கி வெச்சிருக்கும்போது அளந்திருக்காங்க" என்று மாப்பிள்ளையிடம் அடித்துச் சொன்னார்.

கண்ணாடிக் கடையில் முப்பது வருஷமாக அளவெடுக்கிறவர் அவர். தெருவில் நடந்து போகும்போதே ஒரு ஜன்னலைப் பார்த்து இத்தனைக்கு இத்தனை என்று சொல்லிவிடுவார், டேப்பை இழுத்துப் பார்த்தால் நூல் பிசகாது. அதனால் கடையில் வைத்த பெயர் அது. வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. அவர் மனைவிகூடக் கோபம் வந்தால் "வந்துட்டாரு அளவுக்காரர்" என்பாள்.

பேத்தி மூன்று வாரம் முன்னாலேயே பிறந்துவிட்டாள். மூச்சு விடும்போது நெஞ்சில் சின்னதாக ஒரு சத்தம் வந்தது. ஐந்து நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், புகை பிடிக்கிறவர்கள் குழந்தை பக்கத்திலேயே போகக் கூடாது, மூச்சிலும் சட்டையிலும் ஒட்டியிருக்கிறதே போதும் என்று சொல்லிவிட்டார். மகள் அப்பாவைப் பார்த்தாள். அளவுக்காரர் தரையைப் பார்த்தார்.

"முப்பது நாள் தொடாம இருங்கப்பா. அப்புறம் உங்க மடியிலயே போட்டுடறேன். நான் திருப்பிக் கேக்கவே மாட்டேன்."

"டாக்டர் முப்பதுன்னு சொன்னாரா?"

"இல்ல. நான் சொல்றேன். என் கல்யாணத்துக்கு விட்டேன்னு சொன்னீங்க. ஒம்பது நாள்தான் தாங்குச்சு."



மகள் வீடு இரண்டு தெரு தள்ளி. அங்கே கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. கல்யாணமான புதிதில் அவரே மாட்டிக் கொடுத்தது. இப்போது தினம் சாயங்காலம் குளித்துத் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போய், அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பார். மகள் குழந்தையைக் கொண்டுவந்து கண்ணாடியோடு ஒட்டினாற்போல் பிடிப்பாள். அது கொட்டாவி விட்டால் முகம் முழுக்க வாயாகிவிடும். தும்மினால் தானே பயந்து இரண்டு கையையும் விரித்துக்கொள்ளும். ஒரு நாள் ஒற்றைக் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. அன்று வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே போனார்.

மகளுக்கு உதவியாக அவர் மனைவி பகலெல்லாம் அங்கேதான் இருந்தாள். வீட்டுக்குத் திரும்பி வந்ததும் இவர் பக்கத்தில் போய் அவள் தோளை மோந்து பார்ப்பார். அங்கே பால்வாசனை அடிக்கும்.

"என்ன பண்றீங்க?"

"சும்மா இரு. இதுக்காவது கணக்கு வெக்காதே."

புகைப் பழக்கத்தை விடுவதில் அவர் தனியாள் இல்லை. நெட்டையனும் கூட விட்டான்.

கடையில் பெரிய கண்ணாடிகளைத் தூக்கி மாட்டுகிறவர்கள் இவரும் நெட்டையனும்தான். இருபத்திரண்டு வருஷ ஜோடி. நெட்டையனுக்குக் குடும்பம் இல்லை, அக்கா வீட்டில் இருந்தான். அவனுக்கு யார் மடியிலும் எதுவும் காத்திருக்கவில்லை. ஆனாலும் விஷயத்தைக் கேட்டதும், "நீ தனியா விட்டா செத்துடுவண்ணே. நானும் விடறேன். ரெண்டு பேரும் சேர்ந்தே சாவோம்" என்றான்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சிகரெட்டை ஒருவர் முழுசாகக் குடித்ததே இல்லை. சேர்ந்த புதிதில் இருந்த பழைய முதலாளி ஒரு கண்ணாடிக்கு ஒரு சிகரெட் நேரம்தான் ஓய்வு கொடுப்பார். அதனால் முன்பாதி அளவுக்காரருக்கு, பின்பாதி நெட்டையனுக்கு என்று ஆனது. முதலாளி போய்ச் சேர்ந்து, முதலாளியின் மகள் கடைக்கு வந்தபிறகும் அது மாறவில்லை. அளவுக்காரர் பற்ற வைப்பார், சரியாகப் பாதியில் நிறுத்தி நீட்டுவார். அந்தப் பாதியும் நூல் பிசகாது. பின்பாதியில்தான் காரம் என்பான் நெட்டையன். முன்பாதியில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அவன் வாழ்க்கையில் ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்ததில்லை.

விடுவதற்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். யாருக்கு வாய் நமநமக்கிறதோ அவர் நேராக மற்றவர் முன்னால் போய் நின்று, "வருதுடா" என்று சொல்லிவிட வேண்டும். மற்றவர் பேச்சுக் கொடுத்து அதைத் தாண்டவைக்க வேண்டும். கிராம்பு ஒரு டப்பா நிறைய வாங்கி வைத்தார்கள். தண்ணீர் குடித்தார்கள். அளவுக்காரர் கண்ணாடியில் குறிக்கிற நீலப் பென்சிலை வாயில் வைத்துக் கடித்தார். முதல் வாரத்திலேயே உதடு நீலமாகிவிட்டது.

"என்னண்ணே, யாராவது கழுத்தைப் பிடிச்சாங்களா?"

"உன் கழுத்தைத்தான் பிடிக்கணும்போல இருக்கு. வருதுடா."

"வரட்டும். பாப்பா இன்னைக்கு என்ன பண்ணுச்சு, சொல்லு."

"இன்னைக்கு எங்கடா பாத்தேன், சாயங்காலம்தானே பாப்பேன்."

"அப்ப நேத்து பண்ணதையே திரும்பச் சொல்லு."

அவர் தும்மலை நடித்துக் காட்டுவார். இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிடுவதையும் காட்டுவார். நெட்டையன் விழுந்து விழுந்து சிரிப்பான். அப்புறம் நெட்டையன் மெதுவாக, "அண்ணே, இப்ப எனக்கு வருது" என்பான்.

ஒன்பதாவது நாள் நெட்டையன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு இரண்டு நாள் லீவு போட்டான். அந்த இரண்டு நாளும் பெரிய வேலை இல்லை. முகம் பார்க்கிற கண்ணாடி, மேஜைக் கண்ணாடி என்று தனி ஆளாகவே செய்துவிட்டார். இரண்டாம் நாள் சாயங்காலம் கடையைச் சாத்தும்போதுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு பகலும் புகை ஞாபகமே வரவில்லை. பென்சில் காதிலேயே இருந்தது. சரி, உடம்பு பழகிவிட்டது, இனிமேல் ஜெயித்தாயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை நெட்டையன் வந்தான். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. வாசலில் நின்று, "தாங்கினியாண்ணே?" என்று கோணலாகச் சிரித்தான்.

அளவுக்காரருக்கு வாய் ஊறிவிட்டது.

முதலில் அவருக்கே புரியவில்லை. மறுபடி அவன் முகத்தைப் பார்த்தார். மறுபடி ஊறியது. அந்த மூக்கு, அந்தப் பல்வரிசை, கையை நீட்டி வாங்கிக்கொள்கிற அந்த இரண்டு விரல். இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு சிகரெட்டுக்கும் எதிரே இருந்தது அந்த முகம்தான். வருகிறது, வருகிறது என்று இத்தனை நாள் யாரிடம் ஓடி ஓடிச் சொன்னாரோ, அவனிடமிருந்துதான் அது வந்துகொண்டிருக்கிறது.

இதை எப்படிச் சொல்வது. உனக்காக நானும் விடுகிறேன் என்று வந்து நிற்கிறவனிடம் போய், என் எதிரே நிற்காதே என்று சொல்ல முடியுமா. சொல்லவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கடித்தார்.

பதினேழாவது நாள் ஒரு துணிக்கடை முகப்புக்குக் கண்ணாடி. ஏழடி உயரம், ஐந்தடி அகலம். அந்த அளவுக் கண்ணாடியை ஆளுக்கொரு பக்கம் நின்று, கவ்விப் பிடிக்கிற ரப்பர் பிடிகளை ஒட்டித் தூக்க வேண்டும். நடுவில் கண்ணாடி, இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவன். முகத்துக்கு நேர் முகம். பார்க்காமல் தூக்க முடியாது. அவன் கண்ணில் தெரிகிற சுமையைப் பார்த்துத்தான் இவர் காலெடுத்து வைக்க வேண்டும்.

தூக்குவதும் இறக்குவதும் சட்டத்தில் சரிபார்ப்பதுமாக நாற்பது நிமிஷம் அப்படி நின்றார்கள். நெட்டையன் நெற்றியில் வேர்வை வழிந்தது. கண்ணாடி சட்டத்தில் உட்கார்ந்ததும் ரப்பர் பிடியை விடுவித்தார்கள். 'டப்' என்று சத்தம் வந்தது. வருஷக்கணக்காக அந்தச் சத்தத்துக்கு அடுத்து தீக்குச்சி உரசுகிற சத்தம்தான்.

கால் தன்னால் துணிக்கடைக்குப் பின்பக்கம் கொண்டுபோனது. அட்டைப்பெட்டிகள் குவிந்து கிடந்த சுவரோரம் போய் நின்றார்கள்.

நெட்டையன் டேப் வைக்கிற பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்தான். ஒன்றே ஒன்று, மேல் தாள் கொஞ்சம் கசங்கியிருந்தது.

"ஏதுடா இது?"

"முதல் நாள்லேர்ந்தே இருக்குண்ணே. பையில ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா தைரியமா இருக்கும்ல, அதான்."

"தீப்பெட்டி?"

அதையும் எடுத்தான்.

"இதுவும் தைரியத்துக்கா?"

நெட்டையன் சிரிக்கவில்லை. "என்னால முடியலண்ணே. ராத்திரி அக்காகிட்ட எரிஞ்சு விழுறேன். நான் மட்டும் குடிக்கிறேன். நீ குடிக்காதே. உனக்குப் பாப்பா இருக்கு. நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

அளவுக்காரர் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்து நின்றார். செங்கல் வரிசையை எண்ணினார். பின்னால் குச்சி உரசியது, அணைந்தது. இன்னொரு குச்சியும் அப்படியே. மூன்றாவது பற்றியது. உடனே இருமல்.

"என்னடா?"

"பத்த வெச்சுட்டேன். இழுக்க வரமாட்டேங்குது. என்னமோ மாதிரி இருக்குண்ணே. முன்பாதி எனக்கு ஒத்துக்கல. பாதியாகட்டும்னு பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

அவர் திரும்பினார். அவன் சிகரெட்டை உதட்டில் வைக்காமல், கண்ணாடித் துண்டைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு, அது தானாக எரிந்து பாதிக்கு வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தான். சாம்பல் நீண்டு வளைந்தது. முன்பாதி காற்றில் வீணாகப் போய்க்கொண்டிருந்தது.

கை எப்போது நீண்டதென்று அளவுக்காரருக்குத் தெரியாது. இவனுக்குச் சரிபண்ணிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்ததாக ஞாபகம். நெட்டையன் "வேணாண்ணே" என்றான். வேணாண்ணே என்றுகொண்டே கொடுத்தான். அவர் இழுத்தார். நெஞ்சுக்குள் போய் எல்லா இடத்திலும் ஒருமுறை உட்கார்ந்து வந்தது. பாதி வந்ததும் நிறுத்தி, நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. புகையாகவும் இருக்கலாம்.

"பாப்பாவுக்குத் தெரிய வேணாண்ணே" என்றான் கடைசியில்.

"பாப்பாவுக்கு என்னடா தெரியும், நாப்பத்தாறரை சென்டி."

சாயங்காலம் இரண்டு முறை குளித்தார். கிராம்பு நான்கைந்தை ஒன்றாகப் போட்டு மென்றார். நாக்கு மரத்துப்போயிற்று. மகள் வீட்டுக் கதவுக்கு இந்தப் பக்கம் போய் நின்றார். மகள் குழந்தையைக் கொண்டுவந்து கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தாள். குழந்தை அன்றைக்கு இரண்டு கண்ணையும் திறந்திருந்தது.

தினம் கேட்கிற கேள்வியை மகள் சிரித்துக்கொண்டே கேட்டாள். "எத்தனை நாளாச்சுப்பா?"

பதினேழு என்று சொன்னால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. நடுவில் கண்ணாடி, வாசனை போகாது. இன்னும் பதின்மூன்று நாள்தான். வாயைத் திறந்தார். பதினேழு வரவில்லை.

"இன்னைக்கு எண்ணிக்கை இல்லம்மா."

மகள் திட்டவில்லை. குழந்தையைப் பிடித்தபடியே நின்றாள். ஆனால் அவளை அறியாமல் பின்னால் ஒரு எட்டு வைத்துவிட்டாள். அளவுக்காரர் கண் அதை அளந்துவிட்டது. கண்ணாடியிலிருந்து ஓரடி.

உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி இருவரையும் பார்த்தாள். விஷயம் புரிந்தது. "உங்களைத் திட்டறதுக்குக்கூட எனக்குத் தெம்பில்லை" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

"நாளைக்கு வந்து ஒண்ணுன்னு சொல்லுங்கப்பா" என்றாள் மகள்.

மறுநாள் காலை, கடைக்குப் போனதும் நேராக முதலாளியம்மா மேஜைக்குப் போனார். "அம்மா, ஒரு மாசத்துக்கு என்னை வேற ஆளோட போடுங்க."

அவள் ஏறிட்டுப் பார்த்தாள். "எந்த ஆளோட? பெரிய கண்ணாடி தூக்க எனக்கு நீங்க ரெண்டு பேர்தானே இருக்கீங்க. என்ன, சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல."

"அப்புறம் என்ன?"

நண்பன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் ஊறுகிறது என்று எந்த முதலாளியிடம் சொல்ல முடியும். "ஒண்ணுமில்லம்மா" என்று திரும்பினார். நெட்டையன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். கேட்டிருப்பான். முகம் சுண்டிப்போயிருந்தது.

"என்னாலயாண்ணே?"

"உன்னாலதான்டா. உன் மூஞ்சியாலதான். நீ லீவு போட்ட ரெண்டு நாளும் எனக்கு அது ஞாபகமே வரல."

நெட்டையன் பல் பிடுங்கின கன்னத்தைத் தடவினான். பிறகு மெதுவாக, "எனக்கும் அப்படித்தான்ணே இருந்துச்சு. பல்வலியாலனு நெனச்சேன்" என்றான்.

அன்றைக்கு ஆறடிக் கண்ணாடி ஒன்று போக வேண்டியிருந்தது. தூக்குவதற்கு முன்னால் நெட்டையன் உள்ளே போய்ப் பழைய செய்தித்தாள் ஒன்றும் ஒட்டு நாடாவும் கொண்டுவந்தான். கண்ணாடியின் நடுவில், முகம் தெரிகிற உயரத்தில், தாளை விரித்து ஒட்டினான். "கொஞ்சம் மேல" என்றார் அளவுக்காரர். "இன்னும் ரெண்டு இஞ்ச். நீ நெட்டை."

முதலாளியம்மா மேஜையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னய்யா கூத்து இது?" என்றாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போய் நின்றார்கள்.

ரப்பர் பிடியை ஒட்டித் தூக்கினார்கள். அவர் கண்ணுக்கு நேரே ஏதோ பழைய வானிலைச் செய்தி இருந்தது. அவன் முகம் தெரியவில்லை. கண் தெரியாமல் எப்போது காலெடுத்து வைப்பதென்றும் தெரியவில்லை. "போலாமா?" என்று கேட்டுக் கேட்டு, "போலாம்" என்று சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு எட்டாக வண்டியை நோக்கி நடந்தார்கள்.

பாதி தூரத்தில், தாளுக்கு அந்தப் பக்கம் நெட்டையன் இருமினான். இருபத்திரண்டு வருஷப் பின்பாதியின் இருமல். மறைக்க முடியாதது.

அளவுக்காரருக்கு வாய் ஊறியது.

"அண்ணே, வருதா?" என்று கேட்டது குரல்.

"பேசாதடா" என்றார் அவர். கண்ணாடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அடுத்த எட்டு வைத்தார். "நட."