மூன்று ஸ்தோத்திரம், ஒரு அம்பு

சட்டையைத் தோளோடு தூக்கி ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தபடி அக்கா வாய்க்குள் சொல்லிக்கொள்கிறார். “காலருக்கு ஸ்தோத்திரம். பட்டனுக்கு ஸ்தோத்திரம். துணி கிழியாம வந்ததுக்கு ஸ்தோத்திரம்.” அப்புறம் சுருளிலிருந்து ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை உரித்து, கை மடிப்பில் தையல் விட்டுப்போன இடத்தைக் காட்டி ஒட்டுகிறார். சட்டை திருத்தத்துக்குப் போகிறது. அடுத்த சட்டை. மறுபடியும் காலருக்கு ஸ்தோத்திரம்.

தையல் ஆலையில் எல்லாருக்கும் அவர் அம்பு அக்கா. செக்கர் வேலை. பிறர் தைத்ததில் குற்றம் கண்டுபிடிக்கத்தான் சம்பளம்.

“ஆராதனையை வீட்டுல வெச்சுக்கோங்கக்கா. இங்க பீஸ் குவியுது” என்பார் சூப்பர்வைசர்.

“குவியிற பீஸுக்கும் ஸ்தோத்திரம், தம்பி. உங்க சத்தம் எனக்குக் கேக்குறதுக்கும் ஸ்தோத்திரம். காது நல்லா இருக்குன்னு தெரியுதுல்ல?”

ஆலைச் சங்கு ஊதினால் அக்காவின் கை நின்றுவிடும். கண் நிற்காது. பேருந்து இருக்கை உறையில் பிரிந்த ஓரம், எதிர்வீட்டு ஜன்னல் திரையில் ஏறி இறங்கும் மடிப்பு, கணவரின் வகிடு, எதுவும் தப்பாது. பல வருடம் கண்ணில் பட்டதையெல்லாம் வாயாலும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆசீர்வாதம் கூறப் போதகர் உயர்த்திய கையில், அங்கியின் ஓரமாக நூல் ஒன்று தொங்கியது. சபையே கண்மூடித் தலை குனிந்திருந்தது. அக்கா எழுந்து போய், கைப்பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து, நறுக்கென்று வெட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்று ஆமென் கொஞ்சம் தாமதமாக வந்தது.

அடுத்த வாரம் போதகர், வனாந்தரத்தில் முறுமுறுத்த ஜனங்களைப் பற்றிப் பிரசங்கித்தார். பேசிய நேரம் முழுக்க அக்கா இருந்த பக்கம் திரும்பவே இல்லை. அதிலேயே அக்காவுக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அறிவித்தார். “இனிமே ஒரு குறை சொல்றதுக்கு முன்னால மூணு ஸ்தோத்திரம். ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன்.”

“அதுக்குள்ள சாப்பாடு ஆறிடுமே” என்றார் பேருந்து ஓட்டும் கணவர்.

ஆறியது சாப்பாடு மட்டும் என்றால் பரவாயில்லை. நாளாக ஆக, குறையே ஸ்தோத்திரத்துக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. “உங்க குறட்டைக்கு ஸ்தோத்திரம். மூச்சு ஓடுதுன்னு தெரு முழுக்கத் தெரியுது.” கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். “தாயே, நேராவே திட்டிடு. அது எனக்குப் பழகின ரூட்டு.”

மருமகளுக்கு எந்த ரூட்டும் பழகவில்லை. மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், கல்யாணமாகி வந்து சில மாதங்கள்தான். அவள் டீ போட்டுக் கொடுத்தால், “சூடா இல்லாததுக்கு ஸ்தோத்திரம். நாக்கு தப்பிச்சுது.” துணி துவைத்துப் போட்டால், “கறையெல்லாம் பத்திரமா இருக்கு கண்ணு, அதுக்கும் ஸ்தோத்திரம்.” அக்கா இதை மனமாரச் சொன்னார் என்பதுதான் கொடுமை. முறுமுறுக்காமல் இருந்துவிட்டோம் என்று முகம்கூட மலர்ந்திருக்கும்.

ஒருநாள் சாப்பாட்டு மேஜை மேல் பத்திரிகை கிடந்தது. வாடகை வீட்டு விளம்பரங்களைச் சுற்றிப் பேனாவால் வட்டங்கள். அக்கா மகனைப் பார்த்தார்.

“அவதாம்மா போட்டா. தனியா போயிடலாம்ங்கிறா.”

“ஏன்டா? நான் ஒரு வார்த்தை குறை சொல்லியிருப்பேனா?”

“சொல்லல. ஆனா நீ ஸ்தோத்திரம்னு வாயைத் திறந்தாலே அவ எழுந்து உள்ள போயிடுறா.”

வட்டங்கள்கூடக் கோணலாகத்தான் இருந்தன. அக்கா அதைச் சொல்லவில்லை. மறுநாள் முழுக்க எதையுமே சொல்லவில்லை. வீடு பதறிவிட்டது. கணவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மருமகள் கடையிலிருந்து தெர்மாமீட்டரும் தொண்டை மாத்திரையும் வாங்கிவந்தாள். தெர்மாமீட்டரை வாயில் கவ்விக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் போய்விட்டால் இந்த வீட்டில் மீதி என்ன இருக்கும்? குறட்டை இருக்கும். ஸ்தோத்திரம் சொல்ல நாக்கு எழவில்லை.

அந்த வாரக் கடைசியில் மருமகள் ஒரு பொட்டலத்தை நீட்டினாள். “அத்தை, வேலைக்குக் கட்டிக்கிற உங்க ஏப்ரன் நைஞ்சு போச்சுல்ல? போன்ல பாத்து நானே தைச்சேன். கத்தரிக்கு ஒரு பாக்கெட், ஸ்டிக்கருக்கு ஒரு பாக்கெட்.” சொல்லிவிட்டு, ஊசி போட்டுக்கொள்ளக் காத்திருப்பவள்போல் சுவரோடு ஒட்டி நின்றாள்.

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். பயனில்லை. விரலுக்கும் கண் இருந்தது. பாக்கெட் ஒன்று மேலே, ஒன்று கீழே. ஒரு மூலையில் தையல் விட்டு ஓட்டை. கட்டைவிரல் தானாக அங்கே போய் நின்றது. மருமகள் மூன்று ஸ்தோத்திரத்துக்குக் காத்திருந்தாள். மகன் காத்திருந்தான். கணவர் உரித்த பழத்தைத் தின்னாமல் காத்திருந்தார்.

“கத்தரி எங்க எங்கன்னு இனிமே தேட வேண்டாம்” என்றார் அக்கா. சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவருக்கே பட்டது. “நாளைக்கே கட்டிக்கிறேன்.”

“அப்புறம், அத்தை?”

“அப்புறம் என்ன? டீ போடு, எல்லாரும் குடிக்கலாம்.”

கட்டைவிரலை மட்டும் அந்த மூலையிலிருந்து எடுக்கவே இல்லை. டீ வழக்கம்போல் ஆறித்தான் வந்தது. மறு கையால் வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

மறுநாள் காலை அக்காவின் சாப்பாட்டு டப்பாவை மருமகள் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். தாள் முழுக்கப் பேனா வட்டங்கள்.

செக்கிங் மேஜையில் அக்கா புது ஏப்ரனோடு நின்றார். தைக்கும் பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு எட்டி எட்டிப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் இடுப்பில் கை வைத்தபடி எதிரே வந்து நின்றார்.

“என்னக்கா இது? ஒரு பாக்கெட் மாடிக்குப் போகுது, ஒண்ணு கீழ இறங்குது! நீங்க பாக்காம யார் பாஸ் பண்ணின பீஸு?”

அக்கா சுருளிலிருந்து ஒரு அம்பை உரித்தார். சூப்பர்வைசரின் சட்டையில், மேல் பட்டனுக்குப் பக்கத்தில், முனை அவர் வாயைக் காட்டும்படி அதை அழுத்தி ஒட்டிவிட்டு, அடுத்த சட்டையை வெளிச்சத்துக்குத் தூக்கினார்.