கைதட்டல் கிடைக்காத பந்து

டென்னிஸில் 'அப்ரோச் ஷாட்' என்று ஓர் அடி உண்டு. எதிராளி அடித்த பந்து பலமில்லாமல் நம் பக்கத்தில் பாதி தூரத்திலேயே விழுந்துவிட்டால், முன்னால் ஓடிப்போய் அதை எதிராளியின் பின்மூலைக்கு, அதிகம் எழும்பாதபடி வெட்டி அனுப்பவேண்டும். அந்த அடியிலேயே பாயிண்ட் கிடைக்காது. ஆசைப்பட்டு ஓங்கி அடித்தால் பந்து கோட்டுக்கு வெளியே போய்விடும். எதிராளி குனிந்து, எட்டி, எப்படியோ தூக்கிவிடுகிற பந்துதான் திரும்பி வரும். அதற்குள் நாம் வலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். தூக்கலாக வரும் அந்தப் பந்தை, தரையில் விழுமுன் வலையருகே நிற்பவர் அடித்து முடித்துவிடுவார். பார்க்கிறவர்கள் கைதட்டுவது அதற்குத்தான்.

எங்கள் இரட்டையர் ஆட்டத்தில் அந்த முதல் அடி என்னுடையது. முடிக்கிற அடி அவளுடையது.

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முன்பு மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் நாங்கள் இருவரும் ஆசிரியைகள். நான் கணக்கு, அவள் பூகோளம். என் அப்பா கோர்ட்டில் குமாஸ்தா. எங்கள் வீடு தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. அவள் டி. கல்லுப்பட்டிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண், பள்ளி விடுதியிலேயே தங்கியிருந்தாள். நல்ல உயரம், நீண்ட கை. வெயில் அவளை ஒன்றும் செய்யாது.

பள்ளிக்குப் பின்னால் ஒரு செம்மண் டென்னிஸ் கோர்ட் இருந்தது. தலைமையாசிரியையான வெள்ளைக்காரப் பெண்மணி, ஆசிரியைகளும் ஆடவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். சேலையை இழுத்துச் செருகி, கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு நாங்கள் ஆடுவோம். விடுதிப் பெண்கள் சுவரோரம் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

ஆரம்பத்தில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாதியில் விழும் பந்தைக் கண்டதும் என் கால் தானாக ஓடும். எதிரே இருப்பவர்களில் யாருக்கு இடதுபக்கப் பந்து வராது, யார் மெதுவாகத் திரும்புவார்கள் என்று பார்த்து வைத்திருப்பேன். பந்தை அந்த மூலையில் கொண்டுபோய் வைப்பேன். அவர்கள் தட்டுத்தடுமாறித் தூக்குவார்கள். அவள் ஒரு தாவு தாவி 'பட்' என்று முடிப்பாள். சுவரோரம் ஆரவாரம் எழும்.

அவள் அடி அழகானது. அதை இல்லையென்று சொல்லமுடிந்திருந்தால் எனக்கு அத்தனை வயிறு எரிந்திருக்காது. வகுப்பு முடிந்து பெண்கள் வராந்தாவில் நடந்து போகும்போது, கையில் மட்டை இருப்பதுபோல் பாவித்து அவளைப் போலத் தாவிக் காட்டுவார்கள். என்னைப்போல் பந்தை வெட்டிக் காட்டிய ஒரு பெண்ணைக்கூட நான் பார்த்ததில்லை.

ஒருமுறை திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து இரண்டு ஆசிரியைகள் ஆட வந்தார்கள். என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அன்றைக்கு நான் ஆடியதுபோல் அதற்கு முன்னால் ஆடியதே இல்லை. வெட்டிய பந்தெல்லாம் நினைத்த மூலையில் விழுந்தது. நாங்கள் சுலபமாக ஜெயித்தோம். திரும்பும் வழியில் குதிரைவண்டியில் அம்மா கேட்டாள்.

"அந்தப் புள்ளதான எல்லாத்தையும் அடிச்சுச்சு. நீ எதுக்குடி இங்கிட்டும் அங்கிட்டுமா அம்புட்டு ஓட்டம் ஓடுன?"

"நான் அடிச்சாத்தாம்மா அவ அடிக்க முடியும்."

"என்னமோ போ. எனக்கு அதெல்லாம் வெளங்கல. அந்தப் புள்ள அடிச்சதத்தான் எல்லாரும் பாத்தாக."

அம்மா பொய் சொல்லவில்லை. தன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

அடுத்த வாரம் தலைமையாசிரியை எங்கள் இருவரையும் தன் பங்களாவுக்கு டீக்கு அழைத்தார். சென்னையில் தேகப்பயிற்சி ஆசிரியைகளுக்கு ஒரு படிப்பு இருப்பதாகவும், அதற்கு ஒருவரை அனுப்பப் பள்ளி தயாராக இருப்பதாகவும் சொன்னார். சொல்லும்போது அவர் பார்த்தது அவளை மட்டும்தான்.

"இவளும் நல்லா ஆடுவா, அம்மா," என்றாள் அவள், என் முழங்கையைத் தொட்டு.

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "ஆமாம், ஆமாம். நல்ல துணை," என்றார் தன் தமிழில்.

நான் டீயைக் குடித்து முடித்தேன். அவள் எனக்காகப் பேசியது அவளுக்கு வாய்த்த அதிர்ஷ்டத்தைவிட எனக்குக் கசந்தது. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அதற்கும் அவள் இடம்கொடுக்கவில்லை.

அவள் ரயிலேறிப் போனாள். எனக்கு ஜோடியாக வந்த தையல் டீச்சர் பின்கோட்டை விட்டு ஓரடி முன்னால் வரமாட்டார். "பந்து மூஞ்சியில பட்டா யாரு பாக்குறது? நான் இங்கனயே நிக்கிறேன்," என்பார். நான் வெட்டி அனுப்பிய பந்து தூக்கலாகத் திரும்பி வரும். அடிக்க வலையருகே ஆள் இருக்காது. வேறு வழியில்லாமல் என் பந்துக்குப் பின்னாலேயே நானே ஓடினேன். முதலில் எல்லாவற்றையும் வலையில் அடித்தேன். மெல்ல மெல்லக் கை பழகியது. பெண்கள் எனக்கும் கைதட்டினார்கள். ஆனால் தட்டும்போதே, பழைய டீச்சர் இருந்திருந்தால் இன்னும் எப்படி அடித்திருப்பார் என்று பேசிக்கொள்வார்கள்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிற வழியில் அவள் பள்ளிக்கு வந்தாள். மறுநாள் காலை வெயில் ஏறுமுன் நாங்கள் இருவரும் தனியாக ஆடினோம். எதிரெதிராக ஆடுவது அதுதான் முதல் தடவை. பள்ளி காலியாக இருந்தது.

நான் வேண்டுமென்றே சில பந்துகளைப் பாதியில் விழவிட்டேன். அவள் ஓடிவந்து ஓங்கி அடித்தாள். பந்து சுவரில் போய் மோதியது. அவள் மெதுவாக அடித்துவிட்டு வலைக்கு வந்தபோது பந்து என் கைக்கு வாகாக நடுவில் விழுந்தது. நான் அவளைத் தாண்டி ஓரமாக அனுப்பினேன். வலைக்கு வந்து சேருகிற வழி அவளுக்குத் தெரியவில்லை. அத்தனை நாளும் நான்தான் அவளுக்கு அந்த வழியைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவளுடைய பந்து குட்டையாக விழுந்தபோதெல்லாம் நான் மூலைக்கு வெட்டிவிட்டு முன்னேறி, அவள் தூக்கியதை நானே முடித்தேன்.

ஜெயித்தேன். கைதட்டுவதற்கு அங்கே யாரும் இல்லை.

"வலைக்கு நல்லா வாரியேடி. எப்பப் பழகுன?" என்று கேட்டாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"நீ போனதுக்கப்புறம்."

"அதான பாத்தேன். உன் பந்த இந்தப் பக்கம் நின்னு எடுக்கும்போதுதான் தெரியுது, எம்புட்டுக் கஷ்டம்னு."

எத்தனையோ மாதமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. கேட்டதும் மனம் குளிர்ந்தது. ஆனால் அவள் வேப்பமரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்து, பட்டணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். சாயங்காலம் கடற்கரையில் நடப்பது, டிராமில் தனியாகப் போய்வருவது, எங்கெங்கிருந்தோ வந்த பெண்களோடு ஓட்டப்பந்தயம் ஓடுவது. தோற்றதை அவள் அதற்குள் மறந்தே போயிருந்தாள்.

"நீயும் ஒருவாட்டி வா. எல்லாத்தையும் கூட்டிட்டுப் போயிக் காட்டுறேன்," என்றாள்.

"பாப்போம்," என்றேன்.

மதுரையை விட்டு அதிகதூரம் போயிராத எனக்கு, அவள் சொன்ன ஒவ்வொன்றும் முள்ளாகக் குத்தியது. ஆட்டத்தில் ஜெயித்த கையோடு மறுபடியும் பொறாமைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

படிப்பு முடிந்ததும் அவளுக்குச் சென்னையிலேயே ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. யுத்தத்தில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது எங்கள் டென்னிஸ் கோர்ட்டைக் கொத்திக் கத்தரியும் கீரையும் போட்டார்கள். நானும் மண்வெட்டி பிடித்தேன். மண் இறுகிக் கிடந்ததால் முதல் நாள் வேலை லேசில் முடியவில்லை. சென்னையில் அவள் இன்னும் ஆடிக்கொண்டிருப்பாள் என்று நினைத்து நினைத்து, ஓங்கி ஓங்கி வெட்டினேன். பாத்தி மட்டும் நன்றாக ஆழமாக விழுந்தது.