மூன்று மணிக்கு வரவிருந்த கார்

அன்று எங்கள் டெனிஸ் ஊரான பிராண்டேயிலிருந்து ரீபேக்குப் போனது நாலு பேர்: நான், மனிசி, அப்போது பத்து வயதான மகள், என் அக்காவின் புருசன். இந்த அத்தான் யாழ்ப்பாணத்தில் மேசன். லண்டனில் மகனின் கலியாணத்துக்குப் போகிற வழியில், முதல் நாள்தான் எங்கள் வீட்டில் வந்து இறங்கியிருந்தார். மறுநாள் லண்டன் பிளேன்.

இதெல்லாம் இப்போது ஏன் ஞாபகம் வந்தது என்றால், போன கிழமை மகள் என் கார்க் கண்ணாடியில் தானாகவே நேரம் காட்டுகிற பார்க்கிங் மணிக்கூடு ஒன்றை ஒட்டினாள். "ஸ்லப் அஃப், அப்பா," என்றாள். என்னைப் பதறாமல் இருக்கட்டாம், டெனிஸ் பாசையில். கழற்றிய பழைய நீலத்தட்டு என் கையில் இருந்தது. வந்த நேரத்துக்கு அதில் முள்ளைத் திருப்பி வைக்கவேணும், பிழைத்தால் தண்டம்.

அன்று, "அத்தான், வந்த நேரத்தை வையுங்கோ," என்று தட்டை அவரிடம் கொடுத்துவிட்டு, ஹாண்ட்பிரேக்கை மூன்று தரம் பார்த்தேன். அடுப்பை நிப்பாட்டினாயா என்று மனிசியை நாலு தரம் கேட்டேன். தட்டை மட்டும் பார்க்கவில்லை.

ரீபே மிகப் பழைய ஊர். மரச்சட்டத்துக்குள் செங்கல் வைத்த வீடுகள், கலியாணவீட்டில் ரகசியம் கதைக்கிற ஆட்கள் மாதிரி ஒன்றில் ஒன்று சாய்ந்து நிற்கும். அத்தான் ஒரு சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"நூல் பிடிக்காமக் கட்டியிருக்கிறாங்கள், நிக்குது பார்! நான் நூல் பிடிச்சுக் கட்டின மதில் ரெண்டு மாரியில வெடிச்சுப்போச்சு."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சுவரில் எனக்குத் தெரிந்த அழகு, அது என்மேல் விழாமல் நிற்பதுதான்.

தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் என்னோடு ஒரு படம் எடுக்கவேணும், அதுதான் அத்தானின் ஆசை. மனிசியும் மகளும் ஐஸ்கிரீமோடு கீழே இருந்துவிட்டார்கள். நாங்கள் பாதிப் படி ஏற, மணி பன்னிரண்டு அடித்தது.

அத்தான் கையைத் திருப்பிப் பார்த்தார். "பிழையா அடிக்கிறாங்கள். மூண்டரை எல்லோ?"

அவருடைய மணிக்கூடு இன்னும் யாழ்ப்பாணத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"தட்டில என்ன வைச்சனீங்கள்?"

"வந்த நேரம்தான். மூண்டு."

காலமையே வந்து நிற்கிற கார், பின்னேரம் மூன்று மணிக்குத்தான் வரப்போகிறதாம்!

"ஏறுங்கோ, இப்ப வாறன்," என்று இறங்கி ஓடினேன்.

"மச்சான், கார் எங்க போகப்போகுது? வாடா!" என்ற சத்தம் பின்னாலேயே வந்தது.

முள்ளைத் திருத்தினேன். பிறகும், யாராவது வந்தால் விளக்கம் சொல்லவேணுமே என்று அங்கேயே நின்றேன். ஒருத்தரும் வரவில்லை.

அத்தான் தனியே ஏறிப் படம் எடுத்தார். சிவப்புக் கூரைகள், ஆறு, பச்சை வெளி. மூலையில் கார்க் கண்ணாடிக்குள் குனிந்து பார்க்கிற ஒரு கறுப்புப் புள்ளி. கலியாணத்தில் எல்லோருக்கும் காட்டினாராம்: "இதுதான் மச்சான்."

போன கிழமை, அந்தப் பழைய தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு அத்தானுக்குப் போன் எடுத்தேன். "வாங்கோ, இந்தமுறை கட்டாயம் ஏறுவம்."

"எனக்கு இப்ப வாசல்படி ஏறவே ரெண்டு பேர் வேணும், மச்சான்." பிறகு கேட்டார்: "அந்தக் கார் நிக்குதோ?"

அதைப் பழைய இரும்புக்குக் கொடுத்து எவ்வளவோ காலம்.

"ஓம் அத்தான், நிக்குது," என்றேன்.