அரசன் வாங்கிய சத்தியம்

எங்கள் ஊரில் போர்நிறுத்தம் இருந்த காலம் அது. நான் நோர்வேயில், குரோருட் என்ற இடத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்துகொண்டு, பின்னேரங்களில் வளர்ந்தோர் பள்ளிக்குப் போனேன். தாதியாவது என்று முடிவெடுத்திருந்தேன். அதற்கு நோர்வே வரலாற்றிலும் சித்தியடைய வேண்டும். முதல் தடவை வாய்மொழிப் பரீட்சையில் தவறிவிட்டேன். இரண்டாம் தடவை எனக்குக் கிடைத்த தலைப்பு, பழைய நோர்வேயில் நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்த உள்நாட்டுப் போர் வெடித்ததற்கு அரசன் எவ்வளவு பொறுப்பு என்பது.

மேற்கே ஒரு தீவிலிருந்து வந்த ஒருவன், "நானும் உன் தகப்பனின் மகன்" என்று அரசனிடம் சொன்னான். பழுக்கக் காய்ச்சிய கலப்பைக் கொழுக்களின் மேல் வெறுங்காலோடு நடந்து அதை நிரூபித்தான். அரசன் அவனைத் தம்பியாக ஏற்றான். ஆனால் தானோ தன் மகனோ உயிரோடு இருக்கும்வரை அரியணை கேட்பதில்லை என்று சத்தியம் வாங்கினான். அரசன் இறந்ததும் தம்பி சத்தியத்தை மீறினான். சில ஆண்டுகளில் தம்பியின் ஆட்கள் அரசனுடைய மகனின் கண்களைக் குருடாக்கினார்கள்.

"எல்லாம் அரசனின் பிழை" என்று வகுப்பில் சொன்னேன். பக்கத்தில் இருந்த சோமாலியப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை.

"அரசன் செத்துப்போனான். வாளை எடுத்தவர்கள் உயிரோடு இருந்தவர்கள். என் அண்ணனும் துவக்கை எடுத்தவன். ஒருவரும் அவன் கையில் திணிக்கவில்லை."

எனக்குக் கோபம் வந்தது. புருசெத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு ரயிலில் திரும்பும்போதுதான் ஏன் என்று விளங்கியது. எனக்கும் இயக்கத்துக்குப் போன தம்பி ஒருவன் இருந்தான். அவனைப் பற்றி வீட்டில் நாங்கள் கதைப்பதில்லை.

"ஏன் நீர் செத்த ராசாவோடை சண்டை பிடிக்கிறீர்?" என்றார் என் கணவர். "புத்தகத்திலை இருக்கிறதைச் சொல்லிப்போட்டு வாரும்."

"இல்லை. நான் நினைக்கிறதைத்தான் சொல்லப்போறன்" என்றேன்.

பரீட்சைக்குக் கேள்வி கேட்டுப் புள்ளி போட வெளியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நரைத்த தாடி, மெல்லிய குரல். நான் மெதுவாகச் சொன்னேன். "அந்த நாட்டுச் சட்டப்படி அரசனின் எல்லா மகன்மாருக்கும் உரிமை உண்டு. அரசனுக்கு அது தெரியும். சட்டத்தை மாற்றாமல் ஒருவனின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பினான். சத்தியத்தை மீறியது தம்பியின் பிழை. மீறினால் என்ன நடக்கும் என்று யோசிக்காமல் போனது அரசனின் பிழை."

"மகனைக் காப்பாற்ற நினைத்த தகப்பன் வேறென்ன செய்திருப்பான்?" என்று கேட்டார்.

"நாட்டைப் பங்கிட்டிருக்கலாம். இருவரையும் ஒன்றாக ஆளவிட்டிருக்கலாம். முன்பும் அப்படி ஆண்டிருக்கிறார்கள்."

"அப்படிச் செய்திருந்தாலும் போர் வந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்."

"வந்திருக்கலாம்" என்றேன். "ஆனால் அவன் முயற்சி செய்யவில்லை."

அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் நாலு புள்ளி போட்டார். ஆறில் நாலு எனக்குத் தாராளம்.

அன்று சாப்பிட இருக்கும்போது கணவர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்: "அப்ப எங்கடை சண்டைக்கு ஆர் பொறுப்பு?"

நான் என் தம்பியில் இருந்து தொடங்கினேன். அவர் மறித்தார், நான் விடவில்லை. கறி ஆறிப்போனது. எங்களுக்குள் ஒரு முடிவும் வரவில்லை. ஆனால் தம்பியின் பெயரை அன்றைக்கு இருவரும் பலமுறை சொன்னோம். அடுத்த இலையுதிர்காலத்தில் நான் தாதியர் படிப்பைத் தொடங்கினேன்.