பதினொரு ஜெஸ்பர்

நாற்பது பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திவிட்டு நிமிரும்போது முதுகு விண்விண் என்று வலிக்கிறது. கல்முனையில் தமிழ் படிப்பிக்கத் தொடங்கிப் பதினெட்டு வருடமாகிவிட்டது; சிவப்புப் பேனையைக் கண்டாலே சலிப்பு. அந்நியப் பெயர் ஒன்றை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதும் பிள்ளைக்கு நான் வட்டம் போடுவதில்லை. சோம்பல் என்று மற்ற ஆசிரியைகள் நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். காரணம் ஒரு நாய்.

ஜெஸ்பர் என்பது சினிமாப் படங்களில் நடித்த நாய். ஒரு காது வெள்ளை, மற்றது கறுப்பு. எரிகிற வீட்டுக்குள் பாய்ந்து குழந்தையை இழுத்து வரும். சனிக்கிழமை பின்னேரம் உம்மாவின் தங்கை, என் சாச்சி வீட்டுத் தொலைக்காட்சியில் அதன் படம் போகும். தெருநாய் வாசலுக்கு வந்தால் தண்ணீர் வீசி விரட்டுகிற எங்கள் ஆட்கள், பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்து அந்த நாய்க்காக மூக்கைச் சிந்துவார்கள். ஆனால் அதன் பெயர் மட்டும் ஒரு நிலைக்கு வரவில்லை. தொலைக்காட்சியில் ஜஸ்பர், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஜாஸ்பர், பபிள்கம் தாளுக்குள் வரும் படத்தில் ஜெஸ்பர். நான் பபிள்கம்காரனை நம்பினேன். என்னிடம் அந்தப் படங்கள் பதினாறு இருந்தன.

உம்மா அப்போது சவூதியில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றார். எனக்கு நான்கு வயதாக இருக்கும்போது போனவர். எனக்குத் தெரிந்த முகம் புகைப்படத்தில் பார்த்த முகம்தான். அவருடைய கடிதங்களில் நன்றாகப் படி, தொழுகையை விடாதே, சாச்சியின் சொல் கேள் என்பதற்கு மேல் எனக்கென்று எதுவும் இருக்காது. ஒருமுறை, அந்த வீட்டுப் பிள்ளைகள் ஜெஸ்பரின் படம் பார்ப்பார்கள் என்றும், உடுப்பு அயன் பண்ணும்போது தானும் எட்டிப் பார்ப்பதாகவும் எழுதியிருந்தது. பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் நாயைப் பற்றி நான்கு வரி வந்தது. வெவ்வேறு நாட்டில் இருந்துகொண்டு நானும் உம்மாவும் சேர்ந்து பார்த்த ஒரே பொருள் அதுதான். அந்த நான்கு வரிக்காகவே தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் ஒரு கடிதத்தில் ஜஸ்பர், அடுத்ததில் யெஸ்பர், அதற்கடுத்ததில் சஸ்பர். கையெழுத்தும் ஒருமுறை சாய்ந்திருக்கும், ஒருமுறை நிமிர்ந்திருக்கும்.

“ஏன் வாப்பா, உம்மா ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு மாதிரி எழுதுறா?”

வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த வாப்பா நிமிரவில்லை. “அவசரத்துல எழுதினா அப்புடித்தான் மகள். உம்மாக்கு ஆறுதலா இரிந்து எழுத எங்க நேரமிரிக்கி.”

சொல்வதெழுதலில் வகுப்பில் முதலாவதாக வந்த தலைக்கனம் எனக்கு. உம்மாவின் பிழைகளையெல்லாம் வரிசையாக எழுதி, பக்கத்தில் சரியான பெயரையும் எழுதினேன். ‘ஒரு நாயின் பெயரைக்கூட உங்களுக்கு எழுதத் தெரியாதா? எங்கள் வகுப்பில் என்றால் டீச்சர் அடிப்பா’ என்று முடித்தேன். வாப்பா படித்துவிடக் கூடாதென்று சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டிக் கொடுத்தேன்.

நான்கு மாதம் கடிதமே இல்லை. வாப்பா தபால் கந்தோருக்குப் போய்ப் போய் வெறுங்கையோடு வந்தார். எனக்குப் பயமாக இருந்தது. சனிக்கிழமைகளில் நாயைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

கடைசியில் ஒரு உறை வந்தது. உள்ளே கோடு போட்ட தாள் ஒன்று மட்டும். ஸலாம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை. ‘ஜெஸ்பர்’ என்று பதினொரு தடவை, ஒன்றின் கீழ் ஒன்றாக. எழுத்துகள் பெரிதாக, கோட்டை விட்டு விலகி நின்றன. பென்சிலை அழுத்திய அழுத்தம் தாளின் பின்புறத்தில் விரலுக்குத் தட்டுப்பட்டது.

எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. நான்கு மாதம் காத்திருந்தது இதற்கா? சிவப்புப் பேனையை எடுத்தேன். ஏழாவது வரியில் ஒரு புள்ளி குறைந்தது. அதற்கு வட்டம் போட்டு, கீழே ‘இன்னும் முயற்சி செய்க’ என்று எழுதி, திருப்பி அனுப்பச் சொல்லி வாப்பாவிடம் கொடுத்தேன். அவர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். “ஓம், போடுறன்” என்று சேட்டுப் பையில் வைத்தார்.

உம்மா இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வந்தார். என்னைப் புதிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனவர், படிவத்தில் ஒப்பமிடச் சொன்னபோது இடது பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. சவூதியில் அந்த வீட்டுச் சாரதி, கடைக்காரர், பக்கத்து வீட்டு வேலைக்காரப் பெண் என்று அன்றைக்கு யார் இரங்கினார்களோ அவர்கள் எழுதிய கடிதங்கள் அவை. அந்தப் பதினொரு வரி மட்டும்தான் உம்மாவின் கை. என் கடிதத்தையும் அவர்களில் ஒருவர்தான் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். உம்மா நின்று கேட்டிருப்பார். வாசித்தது யார் என்று கேட்க எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

போன வருடம் வாப்பா மௌத்தானார். அடக்கம் முடிந்த பிறகு பார்த்தால், அவருடைய காணி உறுதிப் பத்திரங்கள் இருந்த பைக்குள் அந்தத் தாள் நாலாக மடித்தபடி கிடந்தது. அவர் அனுப்பவேயில்லை.

உம்மா அதை வாங்கி மடியில் விரித்து, வரி வரியாக விரலால் தடவிக்கொண்டு வந்தார். வட்டத்தில் விரல் நின்றது.

“இதென்ன செவப்பு?”

“வாப்பாட பேனை கசிஞ்சிரிக்கி உம்மா.”

தலையாட்டினார். ஆனால் விரலை எடுக்கவில்லை.

“இதுல ஒரு புள்ளி உட்டுட்டன் போல” என்றார்.