அப்பாவின் மின்சாரக் கொள்கையும் என் கல்யாணமும்

எங்கள் அப்பாவுக்கு அணு உலையைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் இருந்தன. கரண்டு இருக்கும்போது ஒன்று, போனபின் ஒன்று. 2012 வாக்கில், பாதி நாள் கரண்டே இல்லாத காலம் அது. ஃபேன் சுற்றினால், "அணு உலை வேண்டவே வேண்டாம், கடலும் மீனும் நாசமாப் போயிரும்" என்பார். ஃபேன் நின்ற அடுத்த நிமிடம் துண்டால் விசிறிக்கொண்டே, "இன்னுமா தொறக்கல்ல அந்த எழவ" என்பார்.

இது அவரோடு நின்றிருந்தால் எனக்கென்ன வந்தது. என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களிடமும் கேட்டுத் தொலைப்பார். தோவாளைக்குப் பக்கத்தில் வயற்காட்டு ஊர் எங்களுடையது. எனக்கு இருபத்தெட்டு வயது, இயற்பியல் படித்துவிட்டு நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. மற்ற வீடுகளில் மாப்பிள்ளையிடம் சம்பளம் கேட்பார்கள், அப்பா கொள்கை கேட்பார். கரண்டு இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த வங்கி மாப்பிள்ளை, அணு உலை நாட்டுக்கு நல்லது என்றான், போனான். கரண்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமை வந்த வாத்தியார் மாப்பிள்ளை, ஆபத்து என்றான், அவனும் போனான். இரண்டு பேரையும் நாள் மாற்றி வரச் சொல்லியிருந்தால் யாராவது ஒருவன் தேறியிருப்பான் என்று அம்மா அழுதாள்.

காற்றாடி விஷயத்தில் மட்டும் அப்பாவுக்கு ஒரே அபிப்பிராயம். ஆரல்வாய்மொழிப் பக்கம் கரண்டு எடுக்க நிற்கிற ராட்சதக் காற்றாடிகள் மழை மேகத்தைத் தள்ளிவிடுகின்றன, அதனால்தான் நம் வயல் காய்கிறது. ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நம்பினார்கள். கலெக்டருக்கு மனு கொடுத்தார்கள். எழுதியது நான்தான், கையெழுத்து நன்றாக இருக்குமாம். படித்த படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு, 'மேகங்களை விரட்டியடிக்கும் காற்றாடிகளை அகற்றக் கோரி' என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன்.

அந்த மாதமே தரகர் ஒரு ஜாதகம் கொண்டுவந்தார். "கரண்டு சம்பந்தமான உத்தியோகமாக்கும்" என்பதோடு நிறுத்திக்கொண்டார், சாமர்த்தியக்காரர்.

வந்தார்கள். முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் வற்றலும் வைத்துவிட்டு நான் கதவோரம் நின்றேன். மாப்பிள்ளை நல்ல கறுப்பு, வெயிலில் வேலை செய்து வந்த கறுப்பு. மூன்றாவது முந்திரிக்கொத்தை வெட்கமில்லாமல் எடுத்தான். அங்கேயே எனக்குப் பிடித்துவிட்டது. இன்றைக்கு ஒரு நாள் அப்பா வாயைத் திறக்காமல் இருக்கக்கூடாதா என்று பிள்ளையாரிடம் மன்றாடினேன்.

"என்ன வேலயாக்கும்?" என்றார் அப்பா.

"காத்தாடில, மாமா. மேல ஏறிப் பழுது பாக்கது."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "அப்போ நீரே சொல்லும். காத்தாடி மழைய வெரட்டுமா, வெரட்டாதா?"

விரட்டும் என்றால் தின்கிற சோற்றுக்குத் துரோகம். விரட்டாது என்றால் வாசலைப் பார்த்து நடக்க வேண்டியதுதான். அவன் வாயில் இருந்ததை மென்று முடித்தான்.

"மாமா, வைகாசி ஆனி எடவப்பாதி மழையில அந்த உச்சியில நின்னு நனையது நானாக்கும். அதுக்கு வெரட்டத் தெரிஞ்சா ஒரு நாளாவது காஞ்ச சட்டையோட வீட்டுக்குப் போயிருப்பேன்லா."

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஊரே கையெழுத்துப் போட்ட விஷயத்தை, அப்பா வீட்டிலேயே உட்கார்ந்து, அவர் வீட்டுப் பலகாரத்தைத் தின்றுகொண்டே ஒருத்தன் கேலி பண்ணிவிட்டான். அப்பா எழுந்தார். "ஊர்ல நாலு பேருட்ட அபிப்பிராயம் கேட்டுட்டுச் சொல்லி அனுப்புகேன்" என்றார். இதைச் சொல்லித்தான் முன்பு வந்த அத்தனை பேரையும் அனுப்பினார்.

அவனுடைய அம்மா பையை எடுத்தாள். அவன் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினான். எனக்கு எரிச்சல் வந்தது. கடலுக்கும் மேகத்துக்கும் ஊரெல்லாம் அபிப்பிராயம் கேட்ட மனுஷன், எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற இந்த ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

கதவை விட்டு வெளியே வந்தேன். "அப்பா, எனக்கு இவரப் பிடிச்சிருக்கு."

"ஏட்டி, உள்ள போ" என்றாள் அம்மா. நான் போகவில்லை.

"இத மொதல்லயே சொல்லப்பிடாதா?" என்றார் அப்பா.

"நீங்க எங்கிட்ட என்னைக்குப்பா கேட்டீங்க?"

அப்பா வாசலுக்குப் போய் அவனிடம், "உள்ள வந்து உக்காரும்" என்றார்.